இன்னும் கொஞ்சம் கருப்பு

"இன்னும் கொஞ்சம் கருப்பாக்கணுமாம் அக்கா" என்று பெனடிக்ட் சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகளின் சூட்டில் அவள் கழுத்து வேர்த்திருந்தது. அவன் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். முதலாளி அபர்ணா மேடம் அனுப்பிய படம். வெளியே மாலின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்குகிற அதே படம்தான். வெள்ளை லினன் புடவை, வெற்றுத் தோள், பின்னால் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், அந்த மண்ணிலிருந்தே எழுந்து நிற்பது போல ஒரு பெண். "பேனர்ல இருக்கிற கலர் உங்க கிட்ட வரலையாம். பத்திரிகைக்காரங்க ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்களாம், வித்தியாசம் தெரியக் கூடாதாம்." மங்கை கேட்டாள், "பேனர்ல இருக்கிறதும் நான்தானே பென்னி?" "நீங்கதான். கம்ப்யூட்டர்ல கொஞ்சம் இறக்கியிருக்காங்க." இறக்கியிருக்கிறார்கள். முன்பு ஏற்றினார்கள், இப்போது இறக்குகிறார்கள், அவள் தோல் என்ன கிணற்று வாளியா. அவன் தட்டில் ஏதோ பசையைக் குழைத்தான். பள்ளிக்கூடத்து மெழுகுக் கலர்க்குச்சியின் வாசனை வந்தது. பிரஷ் காறை எலும்பில் பட்டதும் சில்லென்றது. அந்தச் சில்லிப்பு நெஞ்சுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த ஒன்றில் பட்டுச் சுர்ரென்று ஆவியானது. கருப்பாக்கணுமாம். என்னைக் கருப்பாக்கணுமாம். வியாசர்பாடியில் மூன்றாவது தெருவில் போய்ச் சொன்னால் சிரித்தே செத்துப்போவார்கள்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்று, சொன்ன பக்கம் திரும்பி, சொன்னபோது சிரிக்காமல் இருந்து (இந்த விளம்பரத்தில் சிரிக்கக் கூடாது, மண்ணுக்குச் சிரிப்பு கிடையாதாம்) வந்திருக்கிறாள். அறிமுக மேடையில் மைக்கைக் கையில் கொடுப்பார்கள். கேமராக்கள் இருக்கும். அபர்ணா பக்கத்தில் நிற்பாள். அப்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தை மங்கை பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறாள், குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அம்மாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "இந்த அம்மாதான் எனக்குத் தலை வேண்டாம்னு சொன்னவங்க." அவ்வளவுதான். சின்ன வாக்கியம். ஆனால் அதில் எது முதலில் வர வேண்டும் என்பது தீராத பிரச்சினை. 'இந்த அம்மா' என்று தொடங்கினால் மரியாதை கொடுத்தது போலாகிவிடுகிறது. 'அபர்ணா' என்றே தொடங்கலாம், மொட்டையாக. அப்படிச் சொல்லும்போது அவள் உதட்டின் ஓரம் எப்படி இழுத்துக்கொள்ளும், கையிலிருக்கும் கண்ணாடி கிளாஸ் எப்படி நடுங்கும் என்பதையெல்லாம் மங்கை பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தாள். சில நாள் அந்தக் கற்பனையில் அபர்ணா அழுவாள். சில நாள் காலில் விழுவாள், மங்கை காலை நகர்த்திக்கொள்வாள். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அபர்ணாவின் கடை முழுக்கத் தீப்பிடித்தது, ஒவ்வொரு சட்டையாக எரிந்தது, நெருப்பைக்கூட மங்கை பொறுமையாக, மடிப்புக் கலையாமல் வைத்தாள்.

"கண்ணை மூடுங்கக்கா." மூடினாள். இமைமேல் பிரஷ் ஊர்ந்தது. உள்ளே காதர் நவாஸ்கான் சாலையின் பழைய கடை தெரிந்தது. அபர்ணாவின் ஓர்லின் அன்றைக்கு ஒரே ஒரு துணிக்கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே சந்தன ஊதுபத்தி போலவும் இல்லாமல் சோப்பு போலவும் இல்லாமல் ஒரு பணக்கார வாசனை. விற்பனைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனவளை அபர்ணா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், பிறகு காலிலிருந்து கழுத்துவரை பார்த்தாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். "வாவ். என்ன தோள்! நீ நடந்து காட்டு." அன்றிலிருந்து அந்தக் கடையின் துணியெல்லாம் மங்கையின் உடம்பில்தான் பிறந்தது. தையல்காரர் குண்டூசி குத்துவார், அபர்ணா தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், இடுப்பில் ஒரு பிடி, தோளில் ஒரு பிடி, மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நிற்பது மங்கைக்குப் பிடித்திருந்தது. வெறும் துணி ஒன்று தன் மேல் விழுந்து சட்டையாக மாறுகிற அந்த நொடி பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள இப்போது வாய் கசக்கிறது. பிறகு விளம்பரத்துக்கு லீனா என்று ஒரு ருஷ்யப் பெண்ணை விமானத்தில் வரவழைத்தார்கள். மங்கைக்கு அளந்து தைத்த ரவிக்கை அவள் மேல் தொளதொளவென்று தொங்கியது. முதுகுப் பக்கம் துணி உலர்த்துகிற கிளிப்பைப் போட்டு இழுத்துப் பிடித்தார்கள், முன்பக்கம் மட்டும் பார்த்தால் ராணி. அவளுக்குப் புடவை கட்டிவிட்டது மங்கை. கொசுவத்தைச் சரிசெய்யக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது போட்டோ பிடித்தவர், "அந்தப் பொண்ணு ஃப்ரேமுக்குள்ள வருது" என்று கத்தினார். மங்கை பின்னுக்கு நகர்ந்தாள். இன்னும் நகரச் சொன்னார். இன்னும் நகர்ந்தாள். சுவர் வந்தது.

இணையதளத்துக்கு எல்லாத் துணிக்கும் லீனா கட்டுப்படியாகாது, அதற்கு மங்கை. கேமராவை நிறுத்திவிட்டு அபர்ணா சொன்னாள், "தலை வேண்டாம். கழுத்துக்குக் கீழே போதும்." கோபமாகச் சொல்லவில்லை. மல்லிகைப்பூ வாங்கும்போது காம்பைக் கிள்ளிக் கொடு என்பது போலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மங்கை எப்போதோ மறந்திருப்பாள். அந்தப் படங்கள் வந்தபோது போனில் அம்மாவிடம் ஆசையாகக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நீ இல்லடி மங்கா. இவ செவப்பாக் கீறா" என்றாள். "நான்தாம்மா, இந்தா பாரு, தோளு என்னோடது." "உன் தோள்ல அம்மைத் தழும்பு இருக்குமே, அது எங்க?" இல்லை. தேடினாள், பெரிதாக்கித் தேடினாள், இல்லை. தழும்பையும் எடுத்துவிட்டார்கள், நிறத்தையும் எடுத்துவிட்டார்கள், தலை முன்பே இல்லை. மீதி இருந்தது யார்? அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உளுந்து நனையப் போட எழுந்து போனாள். பெற்றவளே அடையாளம் தெரியாமல் போன அந்தச் சாயங்காலத்தை மங்கை அபர்ணாவின் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறாள். தட்டிக் கேட்டதும் உண்டு, ஒரே ஒரு முறை. அபர்ணா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்: "நான் அப்படிப்பட்டவ இல்ல மங்கை, உனக்கே தெரியும். நம்ம ஜனங்க அப்படி. செவப்பாப் பார்த்தாத்தான் வாங்கறாங்க. இது மார்க்கெட்." மார்க்கெட். மங்கைக்குத் தெரிந்த மார்க்கெட்டில் கத்தரிக்காய் கருப்பாக இருந்தால்தான் எடுப்பார்கள்.

"கழுத்தத் தூக்குங்க. உம். கோவமா இருக்கீங்களா?" "இல்ல பென்னி." "நரம்பு துடிக்குது, பிரஷ் வழுக்குது." பெனடிக்ட் ராயபுரத்துக்காரன், கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுப் பெயர் வாங்கியவன். எல்லாப் பெண்களின் அம்மாக்களும் தன்னிடம் ரகசியமாக ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள் என்றும், இன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக அதற்கு எதிர்ப்பக்கமாகப் பிரஷ் பிடிக்கிறேன் என்றும் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான், பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் கையும் அவள் நிறம்தான். பசை தொட்டுத் தொட்டு அவன் விரல் நுனிகள் மட்டும் தார் போல ஆகியிருந்தன. மங்கை தன் முன்கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் புது ஆள், அதற்கு மேலே பழைய ஆள். எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு காலம் கருப்பு என்று எதைச் சொன்னார்களோ அது இந்தக் கோட்டுக்கு மேலே வெளிறிப்போய், ஏதோ மாநிறம் போல, கிட்டத்தட்டச் சிவப்பு போலக்கூட இருந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டதும் ஆத்திரம் இரண்டு மடங்காக ஏறியது. இதையும் எனக்குள் இவர்கள்தான் வைத்தார்கள், இதுவும் அபர்ணா பெயரில்தான்.

அந்த அம்மாள் முகம் ஞாபகம் வரக் கூடாது என்று நினைத்தாள், வந்துவிட்டது. வைரத்தோடு போட்ட வாடிக்கைக்காரி. மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளை குர்த்தா பார்க்க வந்தவள். மங்கை போட்டு நின்று காட்டினாள், பிடித்திருக்கிறது என்றாள். பிறகு மங்கை கழற்றி நீட்டியதும் இரண்டு விரலால்கூட வாங்காமல், "புதுசு வேற இருக்கா? இது... இந்தப் பொண்ணு போட்டுட்டாளே" என்றாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாருக்கும் காது கேட்கவில்லை. அபர்ணாவுக்குக் கேட்டது. "நிச்சயமா மேடம், ஃப்ரெஷ் பீஸ் எடுத்துத் தரோம்" என்றாள். அந்த வாடிக்கைக்காரிமேல் மங்கைக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவள் வந்தாள், விஷத்தைக் கக்கினாள், போய்விட்டாள். அபர்ணா அந்தக் குர்த்தாவை எடுத்து, மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தனியாக வைத்தாள். மறு வாரம் மங்கையை அம்பத்தூர் கிடங்குக்கு அனுப்பினாள். "உனக்கும் நிம்மதி. கஸ்டமர் தொல்லை இல்ல." கிடங்கில் ஜன்னல் கிடையாது. அங்கே மங்கைக்கு வேலை, வந்து இறங்குகிற சட்டைகளின் கழுத்தில் ஓர்லின் லேபிள் இருக்கிறதா என்று பார்ப்பது. லேபிள் இல்லாதவரை அது ரங்கநாதன் தெரு நடைபாதையில் கிடைக்கிற சட்டை. அந்த விரல்நீளத் துணித்துண்டு ஏறியதும் அதற்குக் குளிரூட்டிய அறையும் காவல்காரனும் தேவைப்பட்டார்கள். இருட்டில் லேபிள்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வருடங்களில்தான் வன்மம் அவளிடம் வந்து சேர்ந்தது. முதலில் கூச்சப்பட்டாள். பிறகு தினமும் காலையில் டிபன் டப்பாவோடு அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு உலகம் புரண்டு படுத்தது. எங்கேயோ வெளிநாட்டில் கருப்புப் பெண்கள் பெரிய பெரிய பத்திரிகைகளின் அட்டையில் வந்தார்கள். இங்கே யாரோ ஒரு கல்லூரிப் பெண், ஓர்லின் விளம்பரங்களையெல்லாம் வரிசையாக ஒட்டி, 'இது சென்னையா, மாஸ்கோவா?' என்று இணையத்தில் கேட்டுவிட்டாள். ஆயிரக்கணக்கில் திட்டு. அபர்ணா ஒரு வாரம் போனை அணைத்து வைத்தாளாம். அடுத்த வாரம் அம்பத்தூர் கிடங்கின் ஷட்டர் தூக்கப்பட்டு, வெளிச்சத்தோடு உள்ளே வந்தாள். மூட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்து, மங்கையின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "இவ்வளவு நாளா என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கே!" என்றாள். கண்ணில் நீர்கூட வந்தது. அபர்ணா நடிக்கவில்லை, அதுதான் சகிக்க முடியாதது. தான் செய்ததெல்லாம் அவளுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. ஒருத்தியை இருட்டில் தள்ளியவளுக்கு மறந்துபோகிறது, தள்ளப்பட்டவள் மட்டும் நாள் தவறாமல் நினைவு வைத்துக்கொண்டு இளைத்துப்போகிறாள். புதுத் துணி வரிசைக்குக் 'கரிசல்' என்று பெயர் வைத்தார்கள். 'நிறமல்ல, நிலம்' என்று எழுதினார்கள். மங்கை கோவில்பட்டிப் பக்கத்துப் பருத்திக்காட்டில் பிறந்தவள் என்றும், வெயிலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவளை அபர்ணாவே காரை நிறுத்திக் கண்டுபிடித்தாள் என்றும் கதை செய்தார்கள். மங்கை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், படம் எடுக்கப் போன அன்றைக்குத்தான் கரிசல் மண்ணையே பார்த்தாள், செருப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை. "வியாசர்பாடின்னே சொல்லலாமே மேம்" என்றதற்கு அபர்ணா மூக்கைச் சுருக்கினாள். "அதுல கதை இல்லம்மா."

கதை இல்லை. இருக்கிறது, இதோ இன்றைக்குச் சொல்கிறேன், மைக்கில் சொல்கிறேன். ஆனால் இங்கே வந்ததும் யோசனை முள்ளில் மாட்டிய முந்தானை போல ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறது. சொன்னால் என்ன ஆகும்? எந்தத் தமிழில் சொல்வாள்? கோபம் வந்தால் வியாசர்பாடி வந்துவிடும், 'இன்னா மேம்' என்று வந்துவிடும். கேட்டவர்கள் கைதட்டுவார்கள். ஆஹா, என்ன வேகம், என்ன உண்மை, மண்ணின் குரல் என்பார்கள். அபர்ணா ஒரு நொடி வெளிறி, மறு நொடி கண் கலங்கி, "ஆமாம், நாங்க தப்புப் பண்ணினோம், மங்கைதான் எங்களைத் திருத்தினா" என்று தோளில் கை போடுவாள். நாளைக்கே அந்த வாக்கியத்தைப் பனியனில் அச்சடிப்பாள், 'எனக்குத் தலை வேண்டாமா?' என்று, வெள்ளையில் கருப்பு எழுத்து, ஐந்து அளவுகளில். இவளால் முடியும். எதைக் கொடுத்தாலும் லேபிள் வைத்துவிடுவாள். வயிற்றெரிச்சலைக்கூட மடித்துத் தட்டில் அடுக்கிவிடுவாள். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்த ஒன்றும் கடைசியில் அவளுக்கே சரக்காகப் போய்விடுமோ. அதைவிடக் கேவலம் இன்னொன்று: இன்று காலை ஆட்டோவில் வந்து இறங்கியபோது, முகப்பில் அந்தப் பேனரை முதன்முதலாக முழுதாகப் பார்த்தாள். தலையோடு இருந்தது. மூன்று மாடி உயரத்துக்குத் தன் முகம். கால் நகரவில்லை. ஆட்டோக்காரர், "இன்னாம்மா, நீதானா அது?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அழகாக இருந்தாள். அதைக் கொடுத்ததும் அபர்ணாதான். கொடுத்த கையைக் கடிக்க ஆசை, கொடுத்ததை விடவும் மனசில்லை.

கதவு தட்டாமல் திறந்தது. அபர்ணா ராமசேஷன் வந்தாள், வெள்ளை லினன் புடவை, கையில்லாத வெள்ளை ரவிக்கை, வெட்டிய நரைமுடி, காதில் ஒற்றை முத்து. அறையில் அந்தப் பழைய பணக்கார வாசனை பரவியது. மங்கையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "பெர்ஃபெக்ட் பெனடிக்ட். இப்பத்தான் பேனர் மாதிரி இருக்கா." பெனடிக்ட், "மேம், மேல ஸ்பிரே அடிச்சு பத்து நிமிஷம் காய விடணும், இல்லாட்டி கையில வரும்" என்றான். "டைம் இல்லப்பா, எல்லாரும் உக்காந்தாச்சு. மங்கை, வசனம் ஞாபகம் இருக்கில்ல? கரிசல் காட்டுல, பருத்திச் செடிக்கு நடுவுல பொறந்தவ. அந்த 'பொறந்தவ'ல ஒரு அழுத்தம் குடு. நெர்வஸா இருக்கியா கண்ணா?" "இல்ல மேம்." "இருக்கலாம், தப்பில்ல. அதுவும் கேமராவுக்கு நல்லாத்தான் இருக்கும்." அதுவும். நடுக்கம்கூட அவளுக்குத்தான். பெனடிக்ட் பின்னாலிருந்து, "எதுலயும் சாயாதீங்கக்கா" என்று முணுமுணுத்தான்.

மேடை என்று தனியாக இல்லை, ஓர்லின் கடை வாசலில் போட்ட ஒரு வெள்ளைப் பலகை. எதிரே நாற்காலிகள், அதற்குப் பின்னால் மாலுக்கு வந்த கூட்டம், நகரும் படிக்கட்டில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்க்கிற தலைகள். எல்லாக் கையிலும் போன். வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தது, பசையின் கீழே தோல் வேர்க்க வழியில்லாமல் வெந்தது. அபர்ணா பேசினாள். மண் என்றாள், பெருமை என்றாள், நாம் இழந்துவிட்ட நிறம் என்றாள். கார் நிறுத்திய கதையைச் சொன்னபோது அவள் குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. பிறகு மைக் கைக்கு வந்தது. இதோ. இப்போது. அபர்ணா என்று தொடங்கு, மொட்டையாகத் தொடங்கு. மங்கை வாயைத் திறந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டை, போனை உயர்த்திப் பிடித்தபடி, முன்கூட்டியே நெகிழ்ந்து போன முகத்தோடு சிரித்தாள், சொல்லு, நீ என்ன சொன்னாலும் அழத் தயாராக இருக்கிறேன் என்பது போல. பஸ்ஸில் வந்த வாக்கியம், குளியலறையில் வந்த வாக்கியம், தோசைக்கல்லின் புகையில் அத்தனை சுத்தமாக வந்த வாக்கியம், எங்கே போனது. அவள் காதுக்கே கேட்டது: "நான் கரிசல் காட்டுல, பருத்திச் செடிக்கு நடுவுல பொறந்தவ." 'பொறந்தவ'வில் அழுத்தம்கூடச் சரியாக விழுந்தது. கைதட்டல். அவ்வளவுதான், முடிந்துவிட்டது, ஒன்றும் செய்யாமலேயே முடிந்துவிட்டது, இனிமேல் ஆயுசுக்கும் பருத்திச்செடிதான், தூ, நீயெல்லாம் ஒரு மனுஷி. கண் எரிந்து நீர் வந்தது. அதைப் பார்த்து இன்னும் தட்டினார்கள்.

யாரோ மைக்கை வாங்கித் தாங்கியில் மாட்டினார்கள். அப்போது அபர்ணா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். அணைப்பதற்கு அல்ல, அணைப்பது போல நிற்பதற்கு. கன்னத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டு, காற்றை முத்தமிட்டு, கேமரா பக்கம் திரும்பிவிடுவாள். அப்படித்தான் எல்லோரிடமும் செய்வாள். மங்கை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அங்கேயும் சிக்கிக்கொண்டிருப்பாள். தோள் முன்னால் போனது, கை தானாக வளைந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முதல் நொடி அபர்ணா சிரித்தாள், கூட்டம் 'ஆ' என்றது. இரண்டாவது நொடி மங்கை தன் கன்னத்தை அந்தக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். மெத்தென்று, சில்லென்று, வாசனையாக இருந்தது. மேலிருந்து கீழே இழுத்தாள். கைகளை அந்த வெள்ளை முதுகில் விரல் விரித்துப் பதித்து, தோளிலிருந்து இடுப்புவரை மெதுவாக, தன் மேல் துணி பொருத்திய நாட்களில் அபர்ணா தடவிப் பார்ப்பாளே அதே நிதானத்தோடு இறக்கினாள். "மங்கை, போதும்" என்று காதுக்குள் குரல். இன்னும் இறுக்கினாள். "விடு. என்ன பண்ற, விடு!" நகம் மங்கையின் முழங்கையில் பதிந்தது. விடவில்லை. அபர்ணாவின் இதயம் தன் நெஞ்சில் படபடவென்று அடிப்பது தெரிந்தது. எத்தனையோ வருடம் கழித்து அவளிடமிருந்து நேரடியாக ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது போல இருந்தது. யாரோ ஒருவர் வந்து பிரித்துவிட்டார்கள்.

கைதட்டல் நடுவிலேயே அறுந்துபோயிருந்தது. அபர்ணா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள், தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நெற்றியிலிருந்து மோவாய்வரை கரி பூசியது போல ஒரு பட்டை. புடவையின் முதுகில் பத்து விரல்கள். மங்கையின் இடது கன்னத்திலும் முன்கைகளிலும் சாயம் இழுவி, கீழே அவளுடைய சொந்த நிறம் வெளிறித் தெரிந்தது. முன்வரிசைப் பெண்ணின் நெகிழ்ச்சி அப்படியே உறைந்து, பிறகு மெல்ல வேறு ஏதோவாக மாறியது. "மேடம், இது என்ன? மேக்கப்பா?" என்று கேட்டாள். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "பெயின்ட் அடிச்சிருக்காங்கய்யா!" என்றது. யாரோ சிரித்தார்கள். அபர்ணா கையைக் கன்னத்தில் வைத்து எடுத்துப் பார்த்தாள். தாங்கியில் இருந்த மைக் இன்னும் அவள் பக்கம் திறந்துதான் இருந்தது. அதில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பனியனில் அச்சடிக்க ஒரு வார்த்தையும் தான் கொடுக்கவில்லை என்பது மங்கைக்கே அப்போதுதான் உறைத்தது. இறங்கி நடந்தாள்.

பெனடிக்ட் தூணோரமாக ஓடி வந்தான். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாத முகம். "என்னக்கா இப்படி? வேலை போச்சு, உங்களுக்கும் எனக்கும். சரி, தண்ணி போட்றாதீங்க, இன்னும் ஒட்டிக்கும். இந்த எண்ணெயிலதான் வரும்" என்று ஒரு சின்னக் குப்பியையும் பஞ்சையும் அவள் கையில் திணித்தான். "உன் பேர் வராமப் பார்த்துக்கறேன் பென்னி" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியாது. கழிப்பறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே குழாயடியில் அபர்ணா நின்றிருந்தாள், தனியாக. தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. சோப்பை அழுத்தி அழுத்திக் கன்னத்தில் தேய்த்தாள், கழுவினாள், பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். பட்டை அகலமாகிக் காதுவரை பரவியிருந்தது. கன்னம் ரத்தமாகக் கன்றிவிட்டது. அந்தத் தேய்ப்பை மங்கைக்குத் தெரியும். பெரியவளான வருடம் குழாயடியில் உட்கார்ந்து, பீர்க்கங்கூட்டை வைத்து, தோல் உரிந்து எரிச்சலில் அழும்வரை அப்படித்தான் தேய்த்தாள். அது அழுக்கைத் தேய்க்கிற தேய்ப்பு இல்லை. அபர்ணா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "சந்தோஷமா? எங்க இருந்தவளை எங்க கொண்டுவந்து வெச்சேன்!" "அம்பத்தூர்ல இருந்தேன் மேம்." அபர்ணாவின் உதடு இழுத்துக்கொண்டது, கற்பனையில் பார்த்தது போலவே. ஆனால் பார்க்க அவ்வளவு ருசியாக இல்லை. வயதான உதடு, சோப்பு நுரை. "அந்த மேக்கப் பையன் போனை எடுக்க மாட்டேங்கறான். வெளிய நிக்கறாங்க எல்லாரும், நான் எப்படிப் போறது?" என்றாள். பிறகு குரல் சட்டென்று இறங்கி, கெஞ்சலுக்குப் பக்கத்தில் வந்தது. "மங்கை, இது எதுல போகும்? உனக்குத் தெரியுமா?"

குப்பி உள்ளங்கையில் வழவழவென்று இருந்தது. கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. குப்பியைப் பஞ்சோடு சேர்த்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் அபர்ணாவுக்குக் கேட்டது, புரியவில்லை.

"தெரியல மேம்" என்றாள் மங்கையர்க்கரசி. தன் முகத்தைக் கழுவவும் இல்லை. கழுவினால் எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். வெளியே வந்து நகரும் படிக்கட்டில் இறங்கினாள். எதிர்ப்படியில் ஏறி வந்தவர்கள் போனில் ஏதோ பார்த்துவிட்டு நிமிர்ந்து, இழுவிப்போன அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பஸ்ஸிலும் பார்ப்பார்கள். அம்மா கதவைத் திறந்து ஐயோ என்பாள். நாளைக்கு வேலை இல்லை, அதற்கு நாளைக்கு அழலாம். இப்போது அவள் மனசு மேலே அந்தக் குழாயடியிலேயே நின்றுகொண்டு, இன்னும் சோப்புப் போடு, இன்னும் தேய் என்று சொல்லிக்கொண்டிருந்தது.